கடனை அடைத்த கச்சேரி

டப்ளினில் ஃபிஷாம்பிள் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. பேரிலேயே மீன் இருக்கிறது. ஒரு காலத்தில் அதுதான் ஊருக்கு மீன்கடைத் தெரு. இப்போது போனால் மீனும் கிடையாது, கவிச்சியும் கிடையாது. மேட்டில் கிறைஸ்ட் சர்ச் கதீட்ரல், பள்ளத்தில் லிஃபி ஆறு, நடுவில் வளைந்து இறங்குகிற சின்னத் தெரு. மெதுவாக நடந்தாலும் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும். டூரிஸ்டுகள் கதீட்ரலை போட்டோ எடுத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுவார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் தவிர. ஏப்ரல் 13.

நான் அன்றைக்கு அங்கே போய் நின்றதற்குக் காரணம் சங்கீத ஞானம் இல்லை. பாத்திரம்!

டப்ளினுக்கு எம்.எஸ். படிக்க வந்தவன் நான். ஃபீஸ், வாடகை எல்லாம் சேர்த்து எஜுகேஷன் லோன் 18 லட்சம். பாளையங்கோட்டை வீட்டுப் பத்திரம் பேங்க்கில் தூங்குகிறது. அப்பா தூங்குகிறாரா என்று தெரியாது. வகுப்பு நடக்கும் மாதங்களில் மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது இங்கே சட்டம். அந்த 20 மணி நேரத்தை ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில் பாத்திரம் தேய்த்துக் கழிக்கிறேன். சாப்பிட்ட தட்டைக்கூட ஊரில் எடுத்து வைக்காத ஆசாமி. வீடியோ காலில் என்னைக் கையுறையும் ஏப்ரனுமாகப் பார்த்த அம்மா, சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒரு ராத்திரி பெரிய சட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டே என்னை அறியாமல் ஏதோ ட்யூனை முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்தில் சாலட் வெட்டிக்கொண்டிருந்த ஐரிஷ் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். (வயசு அறுபது இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் ‘அக்கா’ என்று ஆரம்பித்தேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது கிச்சனில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.)

“இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஹல்லேலூயா கோரஸ்தானே? காலேஜ்ல பாடியிருக்கேன்.”

“இந்தியாவுலயா?”

“ஆமா. பாடி, மானமே போயிருக்கு!”

பேச்சு நடந்தது இங்கிலீஷில்தான். நம்ம வசதிக்குத் தமிழ்.

மானம் போன கதை இது. கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸுக்கு எங்கள் காலேஜ் கொயரில் அடிக்குரல் பாட ஆள் பத்தவில்லை. “உனக்குக் குரல் கட்டையா இருக்குல்ல, வா” என்று இழுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். அந்த கோரஸ் முடியப்போகிற நேரத்தில் ஒரு இடம் வரும். அடுக்கடுக்காக ஹல்லேலூயா, ஹல்லேலூயா என்று வேகமெடுத்துப் போய், டக்கென்று எல்லோரும் வாயை மூட வேண்டும். ஒரு மூச்சு நேரம் மயான அமைதி. அப்புறம்தான் கடைசி ஹல்லேலூயா, ஆற அமர. “அந்த கேப்ல எவனாவது வாயத் திறந்தீங்க, தொலைச்சிடுவேன்” என்று கொயர் மாஸ்டர் ஒவ்வொரு ரிகர்சலிலும் எச்சரித்தார். நிகழ்ச்சி அன்றைக்கு அந்த கேப்பில் ஒருத்தன் வாயைத் திறந்தான். “ஹல்...!” அரங்கம் முழுக்க எதிரொலி. அந்த ஒருத்தன் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? காலேஜ் முடிகிற வரைக்கும் என் பேர் ‘ஹல்’.

அக்கா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பாட்டு உலகத்துலயே முதல்முறையா பாடப்பட்ட இடம் இங்கேருந்து பத்து நிமிஷ நடை.”

“லண்டன்ல இல்லையா அது?”

லண்டன் என்ற வார்த்தையை ஒரு டப்ளின்காரரிடம் இப்படி அசால்ட்டாகச் சொல்லக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

*

13-ம் தேதி மதியம். வெயில் அடிப்பது போல் ஒரு பாவனை. காத்து மட்டும் ஆற்றுப் பக்கமிருந்து கத்தி மாதிரி வந்துகொண்டிருந்தது. தெருவில் கூட்டம். வேலைக்கு நடுவே லஞ்ச் பிரேக்கில் வந்தவர்கள் கையில் சாண்ட்விச்சோடு. தாத்தா, பாட்டிகள் மடக்கு நாற்காலியோடு. தள்ளுவண்டியில் குழந்தைகள். கறுப்பு டிரஸ்ஸில் கொயர் ஏறி நின்றது. ‘அவர் லேடிஸ் கோரல் சொசைட்டி’ என்ற டப்ளின் கொயர் இது. 1945-ல் தொடங்கியது. முழுநேரப் பாடகர்கள் இல்லை. வேலைவெட்டிக்கு நடுவே ஆர்வத்தில் வந்து பாடுகிறவர்கள். பல வருஷமாக இதே தேதியில், இதே தெருவில், டிக்கெட் இல்லாமல் பாடுகிறார்கள்.

பாட்டு பிறந்த ஹாலைத் தேடினேன். “அதோ” என்று அக்கா காட்டிய இடத்தில் ஒரு பழைய வளைவு வாசல் மட்டும் நின்றது. ஹால் போய்விட்டது. அது பிற்காலத்தில் நாடகக் கொட்டகையாகி, அதுவும் மூடி, அந்த இடத்தில் இரும்புப் பட்டறை வந்து, எல்லாம் போய், வாசல் மட்டும் மிச்சம். பக்கத்து முற்றத்தில் பாட்டை எழுதியவருக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். ஆர்கன் குழாய்கள் மேலே நின்று கையை வீசி இசையை நடத்துகிறார். உடம்பில் பொட்டுத் துணி இல்லை! “ஏன்?” என்று கேட்டேன். “நம்ம ஊர்க் குளிர் அவருக்குத் தெரியாது போல” என்றார் அக்கா.

அந்த டிரஸ் இல்லாத பெரியவர்தான் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹேண்டல். 1685-ல் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் பிறந்து, இத்தாலியில் தொழில் பழகி, லண்டனில் கொடிகட்டிப் பறந்தவர். அவர் காலத்து ஐரோப்பிய இசைக்கு பரோக் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுமார் 1600-லிருந்து 1750 வரை. (நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், இந்தக் கச்சேரி நடந்தபோது தியாகராஜர் பிறக்கவே இன்னும் 25 வருஷம் பாக்கி.)

லண்டனில் ஹேண்டல் ஆபரா போட்டு சம்பாதித்தார். ஆபரா போட்டே நொந்தும் போனார். 1737-ல் உடம்பு கெட்டு வலது கை செயலிழந்தது, பிறகு தேறினார். 1741 ஜனவரியில் போட்ட கடைசி ஆபரா மூணே காட்சியில் சுருண்டது. நம்ம பாஷையில், மூணாம் நாளே தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். ஃப்ளாப் கொடுத்து நடுத்தெருவுக்கு வந்த மேதை என்று சிலர் சினிமாக் கதை கட்டுவார்கள். அவ்வளவு மோசம் எல்லாம் இல்லை, வீடு வாசலோடுதான் இருந்தார். ஆனால் ஊர் தன் இசையைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சார்ல்ஸ் ஜெனன்ஸ் என்ற பணக்கார நண்பர் ஒரு ஸ்கிரிப்ட்டோடு வருகிறார். அத்தனையும் பைபிள் வசனங்கள். தீர்க்கதரிசனம், பிறப்பு, பாடு, மரணம், உயிர்த்தெழுதல் என்று போகிறது. வழக்கமான நாடகம் மாதிரி பாத்திரங்கள் வந்து பேசிக்கொள்வது கிடையாது. பேர், ‘மெசையா’. ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22-ல் உட்கார்ந்தார், செப்டம்பர் 14-ல் எழுந்தார். 24 நாள்! கைப்பிரதி 259 பக்கம். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

24 நாளில் எப்படி? இங்கே ஒரு ரகசியம். அதே வருஷம் ஜூலையில் இத்தாலி மொழியில் ரெண்டு காதல் டூயட் போட்டு வைத்திருந்தார். ‘உன்னை நம்ப மாட்டேன் போ’ என்று காதலைத் திட்டுகிற டூயட் ஒன்று. அந்த ட்யூனைத் தூக்கி, தேவகுமாரன் பிறந்த செய்தியைச் சொல்கிற கோரஸில் வைத்துவிட்டார்! கேட்டால் பக்தியில் உடம்பு சிலிர்க்கிறது. ஒரிஜினல், லவ் ஃபெயிலியர். ‘சுட்ட ட்யூன்’ என்று நாம் இங்கே இசையமைப்பாளர்களைப் போட்டுத் தாக்குகிறோம். இவர் தன்னிடமிருந்து தானே சுட்டார். அவசர அவசரமாக எழுதியதும் பிடிக்காமல், முதல் மேடைக்கு அதை டப்ளினுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் பிடிக்காமல், ஜெனன்ஸ் உம்மென்று இருந்தார் என்பது தனிக்கதை.

அயர்லாந்துக்கு ஹேண்டல் வந்து சேர்ந்தது 1741 நவம்பர் 18. காத்து சரியில்லாமல் வழியில் செஸ்டர் நகரத்தில் கப்பலுக்காகச் சில நாள் காத்துக் கிடந்து வந்தார். வந்த இடத்தில் டிசம்பர் முதல் வரிசையாகக் கச்சேரிகள், எல்லாம் ஹவுஸ்ஃபுல். ஃபிஷாம்பிள் தெரு ஹால் அப்போது புத்தம் புதுசு. திறந்து ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ‘மெசையா’வைக் கடைசிக்கு என்று பொத்தி வைத்திருந்தார்.

கொயருக்கு டப்ளினின் ரெண்டு கதீட்ரல்களிலிருந்தும் ஆட்கள் வேண்டும். அதில் ஒன்றான செயின்ட் பேட்ரிக்ஸ் கதீட்ரலின் தலைவர் யார் தெரியுமா? ‘கலிவர்ஸ் டிராவல்ஸ்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்! ஸ்கூல் நான்-டீடெய்லில் நம்மைப் படுத்தியவர். மூப்பிலும் நோயிலும் இருந்த அவர், என் பாடகர்கள் எவனும் அந்த ஃபிடில் கூட்டத்தோடு சேரக் கூடாது என்று ஜனவரியில் தடை போட்டார். எப்படியோ மனசு மாறி, பிறகு ஆட்கள் வந்தார்கள்.

1742 ஏப்ரல் 13, செவ்வாய்க்கிழமை, பகல் 12 மணி. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். இன்றைக்கு உலகமே இதைக் கிறிஸ்மஸ் பாட்டாக்கிவிட்டது. அசலில் இது ஈஸ்டர் சமயத்துப் பாட்டு. ஹாலில் 600 பேர் உட்காரலாம், 700 பேரைத் திணிக்க வேண்டியிருந்தது. எப்படித் திணிப்பது? பத்திரிகையில் முன்கூட்டியே வேண்டுகோள் வைத்தார்கள். பெண்கள் பாவாடைக்கு உள்ளே போடும் பெரிய வளையங்கள் இல்லாமல் வர வேண்டும். ஆண்கள் இடுப்பு வாள் இல்லாமல் வர வேண்டும். ஃபேஷனா, பாட்டா என்று ஊரைக் கேட்டிருக்கிறார்கள். ஊர் பாட்டு என்று சொல்லியிருக்கிறது.

*

தெருவில் பாட்டு ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்கிறேன். முதல் பத்து நிமிஷம் எனக்குக் குளிரைத் தவிர ஒன்றும் உறைக்கவில்லை. காத்து பாதி ஸ்வரங்களைக் கதீட்ரல் பக்கம் அடித்துக்கொண்டு போனது. தூரத்தில் பஸ் ஹார்ன், தலைக்கு மேல் கடற்பறவைகளின் கத்தல். அப்புறம், மெல்ல, காது பழகியது.

ஹேண்டலின் டெக்னிக் ரொம்ப சிம்பிள். சொல்லில் என்ன இருக்கிறதோ அதை ட்யூனில் நடித்துக் காட்டிவிடுவார். பள்ளம் மேடாகும் என்றால் குரல் மேலே ஏறும். கோணல் என்றால் நெளியும். சமவெளி என்றால் ஒரே ஸ்வரத்தில் நீட்டிப் படுத்துவிடும். நாம் எல்லோரும் ஆடுகளைப் போல் வழி தவறிப் போனோம் என்று ஒரு கோரஸ். அதில் நாலு வகைக் குரல்களும் நிஜமாகவே ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடுகின்றன, ஜாலியாக! வழி தவறுவது எவ்வளவு சந்தோஷமான காரியம் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் மட்டும் திடீரென்று தாளம் தளர்ந்து, அத்தனை குரலும் தலைகுனிந்து, கனமாக இறங்குகிறது. ஆட்டம் போட்டுவிட்டு அரியர் லிஸ்ட்டைப் பார்க்கிற மாதிரி. சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

நடுவில் ஒரு தனிப்பாட்டு. ஊரால் வெறுக்கப்பட்டு, ஒதுக்கப்பட்ட ஒருவரைப் பற்றியது. பெரிய சங்கதி ஒன்றும் கிடையாது. ஒரு சொல், ஒரு மௌனம், இன்னொரு சொல். சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

“இதை அன்னிக்கு யார் பாடினது தெரியுமா?” என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தார்.

சுசானா சிபர். லண்டன் நாடக நடிகை. 1738-ல் அவருடைய புருஷன், மனைவியின் காதலன் மேல் கோர்ட்டில் 5,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டான். அந்தரங்கம் முழுக்கச் சந்தி சிரித்தது. ஜூரி அவனுக்குக் கொடுத்தது வெறும் 10 பவுண்டு. ஆசாமியின் லட்சணம் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவமானம் மொத்தமும் அந்தப் பெண் தலையில்தான் விடிந்தது. மேடையை விட்டே ஒதுங்கியிருந்தவர், பிறகு டப்ளினுக்கு வந்தார். பயிற்சி பெற்ற பெரிய குரல் இல்லை. சொல்லை உணர்ந்து பாடத் தெரியும், அவ்வளவுதான். ஹேண்டல் இந்தப் பாட்டை அவர் கையில் கொடுத்தார். ஊரால் ஒதுக்கப்பட்டவர் பற்றிய பாட்டு, ஊரால் ஒதுக்கப்பட்டவர் வாயில். கேட்டுக்கொண்டிருந்த டிலேனி என்ற பாதிரியார், மனைவியைப் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆனவர், எழுந்து நின்று, ‘பெண்ணே, இதற்காக உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படும்’ என்ற அர்த்தத்தில் கத்திவிட்டார் என்று ஒரு கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. பாவம் யாருடையது என்று அந்தப் பாதிரியாரிடம் யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அது போகட்டும்.

“அந்தக் காசை என்ன பண்ணினாங்க தெரியுமா?” அக்கா அடுத்ததை எடுத்துவிட்டார். “அன்னிக்கு வசூல் நானூறு பவுண்டு. ஹேண்டல் ஒரு பைசா எடுத்துக்கல. பாடினவங்களும் எடுத்துக்கல. மூணு பங்கு. ரெண்டு பங்கு ரெண்டு ஆஸ்பத்திரிக்கு. மூணாவது பங்கு ஜெயிலுக்கு.”

“ஜெயிலுக்கா?”

“கடன் கட்ட முடியாம உள்ள கிடந்தவங்களுக்கு. 142 பேரை வெளிய எடுத்தாங்க.”

எனக்கு ஒரு நிமிஷம் பாட்டு காதில் விழவில்லை.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. கடன் கொடுத்தவன் வழக்குப் போட்டால் ஜெயில். கடனைத் தீர்க்கும்வரை உள்ளேதான். உள்ளே இருக்கிறவன் எப்படிச் சம்பாதித்துத் தீர்ப்பான்? அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. படுக்கைக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு என்று ஜெயிலர்கள் வேறு கறப்பார்கள். பழைய கடனுக்காக உள்ளே போனவன், உள்ளே இருந்த குற்றத்துக்காகப் புதுக் கடனும் ஏறிக் கிடப்பான்.

செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு பங்குக்கும் சுமார் 127 பவுண்டு கிடைத்தது என்பது கணக்கு. 142 பேருக்கு வகுத்தால் தலைக்கு ஒரு பவுண்டுகூடத் தேறவில்லை. சுமார் 18 ஷில்லிங். அன்றைய கச்சேரி டிக்கெட் அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். அப்படியென்றால், ஹாலில் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி கொடுத்த டிக்கெட் காசைவிடக் குறைவான தொகைக்கு, சராசரியாக ஒரு மனுஷன் ஜெயிலில் கிடந்திருக்கிறான்.

எத்தனை நாளாகக் கிடந்தார்களோ? வெளியே வந்தவர்களில் யாருக்காவது எந்தப் பாட்டு தன்னை வெளியே எடுத்தது என்று தெரிந்திருக்குமா? ஹாலுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். அந்த 142 பேரின் பேர் எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

பையில் இருந்த இன்னொரு நினைப்பும் எழுந்து உட்கார்ந்தது. கோர்ஸ் முடிந்து, தவணை தொடங்க இன்னும் எட்டு மாதம். அதற்குள் வேலை. வேலைக்கு இதுவரை 60 அப்ளிகேஷன். ‘வருந்துகிறோம்’ என்று ஆரம்பிக்கும் மெயில்களைத் திறக்காமலே அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டேன்.

“என்ன, குளிருதா?” என்றார் அக்கா.

“இல்லக்கா.”

அப்போது அந்த முதல் அடி விழுந்தது. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் தெரிந்துவிடும் அந்த ஆரம்பம்.

ஹல்லேலூயா கோரஸுக்கு எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம். லண்டனில் கேட்டபோது மன்னர் இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றார், அதனால் சபையே நின்றது என்பார்கள். அவர் கச்சேரிக்கு வந்ததற்கே அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது. கதை எழுத்தில் வருவதே 1780-ல்தான். ஃபிஷாம்பிள் தெருவில் அந்தப் பிரச்னை இல்லை, பெரும்பாலோர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தோம். மடக்கு நாற்காலித் தாத்தாக்கள் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

எழுந்து... பாட ஆரம்பித்தார்கள்! கொயர் மட்டும் இல்லை, தெருவே பாடியது. என் முன்னால் நின்றவர் கோட் பையிலிருந்து நைந்துபோன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அக்கா பாடினார். சாண்ட்விச்காரர் பாடினார், சுருதி ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். அந்தக் கோரஸில் ஒரு இடத்தில் மேல்குரல்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கீழே மற்ற குரல்கள் ஹல்லேலூயாவால் அதை முட்டும். முட்ட முட்ட அந்த ஸ்வரம் ஒரு படி ஏறும். மறுபடி முட்டு, மறுபடி ஒரு படி. எத்தனை தடவை கேட்டிருந்தாலும், அந்தப் படி ஏறும்போது நம்ம குதிகால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். நீங்கள் வேண்டுமானால் முயன்று பாருங்கள், சும்மா நிற்க முடியாது.

லண்டன் 1743-ல் இதை முதலில் கேட்டபோது, புனித வசனத்தை நாடகக் கொட்டகையில் பாடுவதா என்று முணுமுணுத்தது. 1750 முதல், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரிக்காக ஹேண்டல் வருஷா வருஷம் இதை நடத்தித் தந்தபோதுதான் ஊர் வழிக்கு வந்தது. அப்புறம் 19-ம் நூற்றாண்டில் மலிவு விலை நோட்டுப் புத்தகங்கள் வந்தன. பாடத் தெரிந்தவன், தெரியாதவன், மில் தொழிலாளி, கிளார்க், பள்ளி வாத்தியார் எல்லோரும் கொயர் கட்டிப் பாடினார்கள். அப்படியே கப்பலேறி, சர்ச் கொயர்கள் வழியாகப் பாளையங்கோட்டையில் கட்டைக்குரல் இளைஞன் ஒருவனின் வாய் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய வித்வான்கள் பாடுகிற ரெக்கார்டிங் ஆயிரம் கிடைக்கும். ஆனால் இந்தப் பாட்டு அவர்களை நம்பிப் பிழைக்கவில்லை என்பது என் கட்சி. பக்கத்தில் நிற்கிறவன் தப்பாகப் பாடினாலும் தாங்குகிற மாதிரி ஹேண்டல் இதைக் கட்டியிருக்கிறார்.

நானும் பாடினேன். அடிக்குரல் வரிகள் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன. கோரஸ் வேகமெடுத்தது. அந்த இடம் நெருங்கியது. எனக்குக் கை வியர்த்தது. அடுக்கடுக்காக... ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

வாயை இறுக மூடிக்கொண்டேன்.

தெரு முழுக்க அமைதி. ஒரு கடற்பறவை கத்தியது. சரியாக அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல்: “ஹல்...!”

திரும்பிப் பார்த்தேன். எழுபது வயசுக்கு மேல் இருக்கும் அந்தத் தாத்தாவுக்கு. முகம் தக்காளி மாதிரி சிவந்து நின்றார். கடைசி ஹல்லேலூயாவைப் பாதிப் பேர் சிரித்துக்கொண்டேதான் பாடினோம்.

*

ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. அக்காவும் நானும் ஆற்றைத் தாண்டி நடந்தோம். வழியில் ஜெர்விஸ் ஷாப்பிங் சென்டர். தள்ளுபடியில் ஜாக்கெட் வாங்க நான் அடிக்கடி போகிற இடம். “வசூல்ல பங்கு வாங்கின ஆஸ்பத்திரி ஒண்ணு இதுதான்” என்றார் அக்கா. 1718-ல் தொடங்கிய சாரிட்டபிள் இன்ஃபர்மரி, ஆற்றங்கரையிலிருந்து பிற்பாடு இந்தத் தெருவுக்கு மாறியிருக்கிறது. 1987-ல் மூடி, 1996-ல் கடைகள் ஆகிவிட்டது. பழைய முகப்பை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொன்றான மெர்சர்ஸ் ஆஸ்பத்திரி 1983-ல் மூடி, கட்டடம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. ஹால் இல்லை, ஆஸ்பத்திரிகள் இல்லை, கடன்காரர்களை அடைத்த ஜெயில்களும் இல்லை.

அன்று ராத்திரி வேலை முடிந்து அறைக்கு வரப் பன்னிரண்டு ஆகிவிட்டது. ஊரில் விடிகாலை நாலரை. தெருவில் எடுத்த வீடியோவை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். ரெண்டே நிமிஷத்தில் போன்.

“என்னப்பா, தூங்கலையா?”

“இன்னிக்குச் சித்திரை ஒண்ணுல்லா. கனி பாக்க எந்திரிச்சோம். என்னலே அது, ஒரே காத்துச் சத்தமா கேக்கு? ஊடால யாரோ பாடுதாவ.”

சொன்னேன். ஹேண்டல், பாவாடை வளையம், வாள், நானூறு பவுண்டு எல்லாம். 142 பேரைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“ஏலே,” என்றார் அப்பா. “அசல் மட்டுமா, வட்டியும் சேத்தா?”

“தெரியலப்பா. ஆனா வெளிய விட்டுட்டாங்க.”

“ம்.”

மறுபடியும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“சரி, வீடியோவப் போடு. நீயும் கனி பாத்துக்கோ. கண்ணை மூடிக்கோ... அம்மா சொன்னப்புறம் திற.”

மூடினேன். அம்மா சொன்னாள், திறந்தேன். ஸ்கிரீன் முழுக்கத் தாம்பாளம். மாம்பழம், பலா, வெற்றிலை பாக்கு, கொன்றைப் பூ, சாய்த்து வைத்த கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் சில்லறைக் காசு.